அப்ளிகேஷன் போடுவது எப்படி?

2006 மே மாதம். செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அப்பா, மகனின் படிப்புக் கடன் விஷயமாகப் பெரம்பலூருக்கு மூன்று முறை பஸ் ஏறினார். முதல் முறை போனபோது கவுண்டரில் இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "வருமானச் சான்று எங்கங்க?" என்று கேட்டு நிறுத்திக்கொண்டார். சான்று வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் போனார். "வருமானச் சான்று சரி. போட்டோவுல கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இல்லையே." அதையும் வாங்கிக்கொண்டு மூன்றாவது முறை. "கையெழுத்து சரி. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைக்கலையே பெரியவரே." நாலாவது முறை போவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்த வருஷ ஃபீஸ், அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போனதால் கட்டப்பட்டது.

முந்திரி பொறுக்குகிற பருவம் அது. தோப்பை விட்டு ஒரு நாள் அகன்றால் ஒரு நாள் கொட்டை போச்சு. பஸ் காசைவிட அதுதான் அவருக்குப் பெரிய கணக்கு.

"மூணும் இல்லைன்னு மொத நாளே தெரியும்ல? ஏன் ஒண்ணொண்ணாச் சொல்றாங்க?" என்று அவர் வீட்டுக்கு வந்து மகனிடம் கேட்டார். மகன் அப்போது பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டை முடித்திருந்தான். அவனுக்குப் பதில் தெரியவில்லை. பதில் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது, அதுவும் சி++ டெம்ப்ளேட்டுக்குள் இருந்து.

செந்துறைக்காரர் ஏன் பெரம்பலூர் போகவேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வரலாம். 1995-ல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்தபோது பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001-ல் அதிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் திரும்பப் பிரித்தார்கள். (ஒட்டி ஒட்டிப் பிரித்ததில் கோந்தே தீர்ந்திருக்கும்.) நடுவில் வந்த அந்த ஐந்து வருஷமும் அரியலூர் பக்கத்து மக்களுக்கு மாவட்டத் தலைநகர் பெரம்பலூர். அரியலூருக்கு ரயில் உண்டு, பெரம்பலூருக்கு ரயிலே கிடையாது. ஆக பஸ்தான்.

இனி டெம்ப்ளேட்.

கல்லூரி லேபில் இருந்தது டர்போ சி++, அந்த நீலத் திரை. அதில் டெம்ப்ளேட் என்றால் 'மேக்ஸ்' என்று ஒரு ஃபங்ஷன், 'ஸ்டாக்' என்று ஒரு கிளாஸ், அவ்வளவுதான். இன்ட்டுக்கும் ஃப்ளோட்டுக்கும் ஒரே கோடு எழுதலாம் என்று ரெக்கார்டு நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது. டெம்ப்ளேட்டுக்குள் இன்னொரு மொழியே ஒளிந்திருக்கிறது என்று லேபில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தக் கம்பைலரில் செய்து பார்த்திருக்க முடியாது. டர்போ சி++ சி++-க்கு ஐஎஸ்ஓ தரநிர்ணயம் வந்த 1998-க்கு முந்தையது. பார்ஷியல் ஸ்பெஷலைசேஷன் என்கிற சங்கதி அதில் கிடையாது. அது இல்லாமல் இந்த வித்தை நொண்டும்.

அந்த ஒளிந்திருக்கும் மொழியைத் திட்டம் போட்டு யாரும் உருவாக்கவில்லை. 1994-ல் சான் டியேகோவில் நடந்த சி++ தரநிர்ணயக் குழுக் கூட்டத்துக்கு எர்வின் உன்ரூ என்ற ஜெர்மானியர் ஒரு சிறிய நிரலைக் கொண்டுவந்தார். அது கம்பைல் ஆகாது. கம்பைலர் வரிசையாக எர்ரர் கொட்டும். அந்த எர்ரர்களைப் படித்தால் டி<2>, டி<3>, டி<5>, டி<7> என்று பகா எண்கள் வரும்! நிரல் ஓடவே இல்லை, கணக்கு மட்டும் முடிந்துவிட்டது. போட்டது கம்பைலர். அடுத்த வருஷம் டாட் வெல்ட்ஹைசன் இதை ஒரு உத்தியாகவே எடுத்து எழுதினார். சி++ டெம்ப்ளேட்டுகளால் எந்தக் கணக்கையும் போடமுடியும், அதாவது அவை டியூரிங் முழுமை உடையவை என்று 2003-ல் ஒரு சின்னக் கட்டுரையில் காட்டியவரும் அவர்தான்.

எப்படிப் போடுகிறது? ஒரு டெம்ப்ளேட்டுக்கு ஒரு டைப்பைக் கொடுத்தால் இன்னொரு டைப் கிடைக்கும். இதை ஃபங்ஷனாகப் பாருங்கள். உள்ளே போவதும் டைப், வெளியே வருவதும் டைப். வேரியபிள் இல்லை, அதனால் ஒருமுறை வைத்த மதிப்பை மாற்ற வழியே இல்லை. ஃபார் லூப் இல்லை, தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் ரிகர்ஷன் உண்டு. இஃப் இல்லை, 'இந்த வடிவத்தில் வந்தால் இதைச் செய்' என்கிற ஸ்பெஷலைசேஷன் உண்டு. ஃபேக்டோரியல் எழுதவேண்டுமானால் பொது விதி ஒன்று (எண்ணை அதற்கு முந்தையதின் ஃபேக்டோரியலால் பெருக்கு), சுழியத்துக்குத் தனி விதி ஒன்று (விடை 1). ஹாஸ்கெல் தெரிந்தவர் பார்த்தால் உடனே சிரிப்பார். அடைப்புக்குறி அதிகமான, அவலட்சணமான ஹாஸ்கெல் அது.

கம்பைல் நேரத்துக்கும் ஓடும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடாதவர்கள் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு ஒருமுறை போய் வரலாம். அங்கே கல்லாகிப்போன மரம் ஒன்று படுத்திருக்கிறது, பதினெட்டு மீட்டர் நீளம், கிரெட்டேசியஸ் காலத்தது. அப்போது இந்தப் பகுதியில் கடல் இருந்தது. மரம் எங்கே விழுவது, எப்படிக் கல்லாவது என்பதெல்லாம் அப்போதே முடிவாகிவிட்டது. இன்றைக்குப் போய்ப் பார்ப்பவர் அதில் ஒரு கிளையைக்கூட மாற்றமுடியாது. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுப்போனதுதான். சிமெண்ட் ஆலைகள் ஓடுவது இன்றைக்கு, கல் அன்றைக்கே தயார். டெம்ப்ளேட் கணக்கும் அப்படித்தான். நிரல் ஓட ஆரம்பிக்கும்போது விடைகள் கல்லாகி உள்ளே கிடக்கும்.

மறுபடி அந்தப் பையன். இறுதியாண்டு பிராஜெக்ட், 2007-08. நாலு பேர் குழு. (பிராஜெக்ட் ஆரம்பிக்கும்போது அவன் பெரம்பலூர் மாவட்டத்துக்காரன், முடிக்கும்போது அரியலூர் மாவட்டத்துக்காரன், வீடு என்னமோ அதே இடத்தில்தான் இருந்தது.) விண்ணப்பப் படிவங்களை உருவாக்குகிற ஒரு சி++ லைப்ரரி செய்வதாக எழுதிக்கொடுத்தார்கள். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு டைப்பாக எழுதவேண்டும். அந்த டைப்புக்குள் மூன்று விஷயம் இருந்தாகவேண்டும். கட்டத்தின் பெயர், அதன் நீளம், அதை அச்சடிக்கும் விதி. மூன்றும் இருந்தால் லைப்ரரி அதை ஏற்றுக்கொண்டு படிவத்தில் சேர்க்கும்.

லைப்ரரி எழுதுவது அவன், பயன்படுத்துவது மற்ற மூன்று பேர். கம்பைலர், பிரௌசிங் சென்டரிலிருந்து சிடியில் எழுதிக்கொண்டு வந்த டெவ்-சி++, உள்ளே ஜிசிசி. மெஷின் ஹாஸ்டலில் ஒருவனுடைய பழைய அசெம்பிள்டு பெட்டி.

ஒரு கட்டத்தில் ஏதாவது விட்டுப்போனால் கம்பைலர் சொல்கிற எர்ரர் ஒரு திரை, இரண்டு திரை என்று நீளும். டெம்ப்ளேட் எர்ரரைப் பார்க்காதவர்களுக்கு அதை விளக்க முடியாது, பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதனால் அவன் சோதனைகளை முன்னாலேயே வைத்தான். முதலில் பெயர் இருக்கிறதா, இருந்தால் அடுத்து நீளம், அதுவும் இருந்தால் அச்சு விதி. எது இல்லையோ அதன் பெயரை மட்டும் எர்ரரில் காட்டும்படி உன்ரூவின் தந்திரத்தையே பயன்படுத்தினான். எழுதாமல் விட்ட ஒரு டைப்பின் சைஸைக் கேட்டால் கம்பைலர் அந்த டைப்பின் முழுப்பெயரையும் சொல்லித் திட்டும். பெயருக்குள் சேதியை வைத்துவிட்டால் போதும்.

நன்றாகத்தான் வேலை செய்தது, குழுவில் ஒருவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கத்துகிற வரைக்கும். அவன் கட்டத்தில் மூன்றுமே இல்லை. கம்பைல் செய்தான், 'பெயர் இல்லை' என்றது. எழுதினான், கம்பைல் செய்தான், காத்திருந்தான். 'நீளம் இல்லை.' எழுதினான், கம்பைல் செய்தான், ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். 'அச்சு விதி இல்லை.' "ஏன்டா டேய், மூணும் இல்லைன்னு மொதல்லயே தெரியும்ல? ஒரே தடவைல சொல்லித் தொலைக்க மாட்டியா?"

அப்பா கேட்ட அதே கேள்வி. இந்த முறை கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் அவனே.

இங்கே ஃபங்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ஒரு மதிப்பு. வெளியே ஒரு ஃபங்ஷன். பெட்டியை உடைக்காமல் அந்த ஃபங்ஷனை உள்ளே இருக்கும் மதிப்பின்மேல் செலுத்த ஒரு வழி இருந்தால் அந்தப் பெட்டிவகை ஒரு ஃபங்டர். பெட்டி என்பது இங்கே 'ஒரு சூழ்நிலையோடு கூடிய மதிப்பு'. மதிப்பு இல்லாமலும் போகலாம் என்கிற சூழ்நிலை, பல மதிப்புகள் இருக்கலாம் என்கிற சூழ்நிலை, இப்படி.

ஒரு பெட்டி வரைக்கும் ஃபங்டர் போதும். மூன்று பெட்டிகளில் மூன்று மதிப்புகள் இருந்து, மூன்றையும் சேர்த்து ஒரு படிவக் கட்டம் செய்யவேண்டுமானால்? மூன்று மதிப்பு கேட்கும் ஃபங்ஷனை முதல் பெட்டியின்மேல் செலுத்தினால், மிச்சம் இரண்டு மதிப்புக்காகக் காத்திருக்கும் ஒரு ஃபங்ஷன் பெட்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இப்போது ஃபங்ஷனும் பெட்டிக்குள், மதிப்பும் பெட்டிக்குள். பெட்டியில் உள்ள ஃபங்ஷனைப் பெட்டியில் உள்ள மதிப்பின்மேல் செலுத்த ஒரு செயல் வேண்டும். வெறும் மதிப்பைப் பெட்டியில் போடவும் ஒரு செயல் வேண்டும். இந்த இரண்டும் இருந்து, சில ஒழுங்குவிதிகளுக்கும் கட்டுப்பட்டால் அது அப்ளிகேட்டிவ் ஃபங்டர். (விதிகள் நாலு. 'பெட்டியில் போடுவதால் மட்டும் எதுவும் மாறிவிடக்கூடாது' என்கிற ரகம். பரீட்சைக்கு வராது, விட்டுவிடலாம்.)

கானர் மெக்பிரைட், ராஸ் பேட்டர்சன் இருவரும் இதற்குப் பெயர் கொடுத்து எழுதிய கட்டுரை 2008-ல் ஜர்னல் ஆஃப் ஃபங்ஷனல் புரோகிராமிங் இதழில் வந்தது. இணையத்தில் அதற்கு முன்பே கிடைத்தது. பையன் அதைப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கொடுத்து பிரிண்ட் அவுட் எடுத்தான். பாதிக்கு மேல் புரியவில்லை. பிழைகளைச் சேர்த்துக்கொண்டே போவது பற்றி அதில் வருகிற சின்னப் பகுதி மட்டும் புரிந்தது, அது மட்டும்தான் அவனுக்குத் தேவையாகவும் இருந்தது.

யோசனை இதுதான். ஒவ்வொரு சோதனையின் விடையும் இரண்டு வகைப் பெட்டிகளில் ஒன்று. 'சரி', உள்ளே மதிப்பு. 'பிழை', உள்ளே குறைகளின் பட்டியல். 'சேர்' என்று ஒரு டெம்ப்ளேட். இடது பக்கம் ஃபங்ஷன் பெட்டி, வலது பக்கம் மதிப்புப் பெட்டி. வசதிக்காகத் தமிழிலேயே எழுதினால் (2020-ல் வந்த ஜிசிசி 10 முதல் தமிழில் பெயர் வைத்தாலும் கம்பைல் ஆகும், அவன் காலத்தில் அந்தக் கொடுப்பினை இல்லை) அவன் முதலில் எழுதியது மூன்று விதி:

சேர்< சரி<ஃப>, சரி<ம> > என்றால் விடை, ஃப-வை ம-மேல் செலுத்தி வருவதைச் சரி-யில் போட்டது.

சேர்< பிழை<அ>, எதுவோ > என்றால் விடை பிழை<அ>.

சேர்< எதுவோ, பிழை<ஆ> > என்றால் விடை பிழை<ஆ>.

மூடும் குறி இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டிருப்பதைக் கவனியுங்கள். அழகுக்காக இல்லை. 2011 தரநிர்ணயம் வரும்வரை இடம் விடாமல் எழுதினால் கம்பைலர் அதை வலப்பெயர்ப்புக் குறி என்று நினைத்துக்கொண்டு சண்டைக்கு வரும். இந்த ஒரு இடைவெளிக்காக உலகம் முழுக்க எத்தனை ராத்திரி போயிருக்குமோ.

இந்த மூன்று விதியோடு கம்பைல் செய்தான். ஒரு குறை மட்டும் இருந்த கட்டங்கள் ஒழுங்காக வந்தன. இரண்டு குறை உள்ள கட்டத்தைக் கொடுத்ததும் கம்பைலர் நின்றுவிட்டது. 'ஆம்பிகுவஸ்', அதாவது இரண்டாம் விதியும் பொருந்துகிறது, மூன்றாம் விதியும் பொருந்துகிறது, எதை எடுக்கட்டும் என்கிறது. இரண்டு பக்கமும் பிழை என்றால் எந்தப் பிழையை முதலில் சொல்வது? கம்பைலருக்கு அந்த முடிவை எடுக்க அதிகாரம் இல்லை. எழுதுகிறவன்தான் சொல்லவேண்டும்.

அவனுக்கு அந்த இடத்தில்தான் மே மாதத்துக் கவுண்டர் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இதே இரட்டைப் பிழை நிலைமைதான். அங்கே யாரோ என்றைக்கோ, 'இடது பக்கத்தில் இருப்பதை மட்டும் சொல்லி அனுப்பு' என்று முடிவெடுத்துவிட்டார்கள். அல்லது யாருமே முடிவெடுக்காமல் அதுவாக அப்படி ஆகிவிட்டது. இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும்.

நாலாவது விதி:

சேர்< பிழை<அ>, பிழை<ஆ> > என்றால் விடை, அ-வையும் ஆ-வையும் ஒட்டிய பட்டியலைப் பிழை-யில் போட்டது.

இது மற்ற இரண்டையும்விடக் குறிப்பானது, அதனால் ஆம்பிகுவிட்டி போய்விட்டது. எழுதுவதற்கு நாலு வரி. அவ்வளவுதான் வித்தியாசம்.

உண்மையில் நாலு வரியோடு முடியவில்லை. சி++-ல் டெம்ப்ளேட் என்பது டைப் அல்ல. டைப்புகள் போகிற இடத்தில் டெம்ப்ளேட்டை அப்படியே போடமுடியாது. 'சரி' பெட்டிக்குள் ஃபங்ஷனை வைக்கவேண்டுமானால் அந்த டெம்ப்ளேட்டை ஒரு சாதாரண கிளாஸுக்குள் ஒளித்து வைத்துக் கிளாஸைப் பெட்டிக்குள் போடவேண்டும். பூஸ்ட் எம்பிஎல் லைப்ரரியில் டேவிட் ஆபிரகாம்ஸும் அலெக்ஸி குர்டோவாயும் செய்தது இதைத்தான். அவர்கள் இருவரும் 2004-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு மெட்டாஃபங்ஷன் கிளாஸ் என்று பெயர். அடுத்து, மூன்று மதிப்பையும் ஒவ்வொன்றாக வாங்கும் ஃபங்ஷன் வேண்டும். ஹாஸ்கெலில் எல்லா ஃபங்ஷனும் பிறக்கும்போதே அப்படித்தான். இங்கே கிளாஸுக்குள் டெம்ப்ளேட், அதற்குள் கிளாஸ், அதற்குள் டெம்ப்ளேட் என்று கையால் செதுக்கவேண்டும். வெங்காயம் உரிப்பதற்குத் தலைகீழ் வேலை. பெரம்பலூர்க்காரர்களுக்குச் சின்ன வெங்காயத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கண்ணில் தண்ணீர் வருவது மட்டும் இரண்டுக்கும் பொது.

பட்டியலும் அப்போது சுலபமில்லை. எத்தனை டைப் வேண்டுமானாலும் வாங்கும் டெம்ப்ளேட் 2011-ல்தான் வந்தது. அதற்கு முன் 'தலை, மிச்சம்' என்று ஜோடி ஜோடியாகக் கோர்க்கவேண்டும். ஆண்ட்ரெய் அலெக்ஸாண்ட்ரெஸ்கு 2001-ல் எழுதிய புத்தகத்தின் லோக்கி லைப்ரரியில் இதற்காக ஒன்றிலிருந்து ஐம்பது வரை ஐம்பது மேக்ரோ இருக்கும். பெரிய மூளைக்காரர்களும் ஐம்பது மேக்ரோவைக் கையால் எழுதியிருக்கிறார்கள் என்பது அவனுக்கு ஒரு ஆறுதல். கூடு எவ்வளவு ஆழம் போகலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. கம்பைலர்கள் குறைந்தது இவ்வளவாவது தாங்கட்டும் என்று 1998 தரநிர்ணயம் பரிந்துரைத்தது 17. 2011-ல் அதை 1024 ஆக்கினார்கள்.

எல்லாம் முடிந்து, மூன்று குறை உள்ள அந்தப் பழைய கட்டத்தைக் கொடுத்தபோது எர்ரரின் கடைசி வரியில் பிழை< பெயர்_இல்லை, நீளம்_இல்லை, அச்சு_இல்லை > என்கிற பொருளில் மூன்றும் வரிசையாக நின்றன (ஆங்கிலத்தில்தான், ஜோடி ஜோடியாகக் கோர்த்திருந்ததால் கொஞ்சம் கண்றாவியாகவும்). கத்தியவன் பார்த்துவிட்டு, "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்று சொல்லித் தூங்கப் போய்விட்டான் :-)

மோனட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். அவன் முதலில் எழுதிய, வரிசையாகச் சோதித்து முதல் பிழையில் நிற்கிற முறைதான் மோனட். அதில் முதல் படியின் விடையைப் பார்த்த பிறகுதான் இரண்டாம் படி என்னவென்றே முடிவாகும். முதல் படி தோற்றால் இரண்டாம் படி என்று ஒன்று இல்லவே இல்லை, பிறகு அதன் பிழையை எப்படிச் சொல்வது? அப்ளிகேட்டிவில் படிகள் எல்லாம் முன்கூட்டியே தெரியும், ஒன்றின் மதிப்பு இன்னொன்றுக்குத் தேவையில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்ல முடிகிறது. எல்லா மோனடிலிருந்தும் ஒரு அப்ளிகேட்டிவ் கிடைக்கும். இந்தப் பிழை சேர்க்கும் அப்ளிகேட்டிவ் மட்டும் எந்த மோனடிலிருந்தும் கிடைக்காது. சக்தி குறைந்த கருவியால்தான் இந்த வேலை முடிகிறது என்பது இதில் வேடிக்கை.

அரசாங்கத்தில் மோனட் தேவைப்படும் இடமும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதியதைப் பார்த்துத்தான் வருவாய் ஆய்வாளர் எழுதமுடியும், அதைப் பார்த்துத்தான் தாசில்தார் கையெழுத்துப் போடமுடியும். அங்கே வரிசை நியாயமானது. ஆனால் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க, போட்டோவில் கையெழுத்து இருக்கவேண்டிய அவசியம் என்ன? ஒன்றை ஒன்று சாராத சோதனைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதுதான் தவறு. அந்தத் தவறின் விலை மூன்று பஸ் டிக்கெட், மூன்று நாள் முந்திரி, ஒரு ஜோடித் தோடு.

வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதுக்கு நாலு இஃப் போட்டு ஒரு லிஸ்டுல சேத்தா போதாதாப்பா?" என்றார். குழுவில் மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள்.

நியாயமான கேள்விதான் அது. படிவத்தை நிரப்புகிற மனிதரின் தவறுகளைச் சொல்ல டெம்ப்ளேட் எதற்கு? ஓடும் நேரத்தில் ஒரு வெக்டரில் போட்டுக்கொண்டே போகலாம், அதுவும் அப்ளிகேட்டிவ்தான், பெயர் தெரியாமல் எல்லோரும் செய்வது. அவன் சொன்ன பதில்: "சார், இது ஃபார்ம் ஃபில் பண்றவருக்கு இல்ல, ஃபார்ம் டிசைன் பண்ற புரோகிராமருக்கு. அவர் தப்பு பண்ணா புரோகிராமே உருவாகக்கூடாது. அப்ப இஃப் ஓடாது சார், ஓடுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லையே." எக்ஸாமினர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பக்கத்தில் நின்றவனிடம் டேட்டா ஃப்ளோ டயகிராம் கேட்டார். மார்க் சுமாராகத்தான் வந்தது.

இன்று இதெல்லாம் இத்தனை கரடுமுரடு இல்லை. லூயி டியோன் எழுதிய ஹானா லைப்ரரி 2016-ல் பூஸ்டில் சேர்ந்தது. ஃபங்டர், அப்ளிகேட்டிவ், மோனட் மூன்றும் அதே பெயர்களிலேயே அதில் இருக்கின்றன, அவன் கையால் செதுக்கிய வெங்காயத்தை அங்கே ஒரு வரியில் வாங்கலாம். ஹாஸ்கெலிலேயே 2015-ல் வந்த ஜிஹெச்சி 7.10-லிருந்துதான் அப்ளிகேட்டிவ் மோனடுக்கு முறைப்படி பெற்றோர் ஸ்தானத்துக்கு வந்தது. சி++23-ல் 'எக்ஸ்பெக்டட்' என்று சரி-பிழைப் பெட்டி ஒன்று தரநூலகத்துக்கே வந்துவிட்டது. ஆனால் அதில் சங்கிலி போடக் கொடுத்திருப்பதெல்லாம் முதல் பிழையில் நிற்கிற மோனட் வகை. சேர்த்துச் சொல்கிற நாலாவது விதியை இன்றைக்கும் அவரவர்தான் எழுதிக்கொள்ளவேண்டும்.

நம்மூரில் இந்த மாதிரி யோசனை எங்கே பயன்படுகிறது என்று கேட்பவர்கள் சென்னை ஐஐடியின் சக்தி புராசஸரைப் பார்க்கலாம். அது எழுதப்பட்டிருப்பது ப்ளூஸ்பெக் என்ற மொழியில். ஆர்விந்த், ரிஷியூர் நிகில் போன்றவர்களின் உழைப்பில் வளர்ந்த மொழி, வேர் ஹாஸ்கெலில். டெம்ப்ளேட் மாதிரியே கம்பைல் நேரத்தில் ஃபங்ஷன்கள் ஓடி முடிந்துவிடும், ஆனால் மிச்சமாகக் கிடைப்பது டைப் இல்லை, சர்க்யூட். 2018-ல் சக்தியின் சிப் கையில் கிடைக்கிற பொருளாகவே வந்துவிட்டது. 2020 முதல் ப்ளூஸ்பெக் கம்பைலர் ஓப்பன் சோர்ஸ். பெரம்பலூரில் இருந்துகொண்டே இறக்கிப் பார்க்கலாம், சிடி எழுத பிரௌசிங் சென்டர் போகவேண்டாம்.

அப்பா விஷயம். கல்லூரியின் கடைசி வருஷ ஃபீஸுக்கு முன்னால் மறுபடி ஒரு விண்ணப்பம் போடவேண்டி வந்தது. இந்த முறை பையனே ஒரு முழுத் தாளில் என்னென்ன கேட்கக்கூடும் என்று பதினோரு வரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ் வைத்து, மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தான். கவுண்டரில் இருந்தவர் வேறொருவர். தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "பெரியவரே, இதை யாரு எழுதுனது? இத நான் ஒரு காப்பி எடுத்துக்கவா? வர்றவங்களுக்குக் குடுக்கலாம்" என்று கேட்டாராம். அப்பா அசலையே கொடுத்துவிட்டு வந்தார். அதனால் இரண்டு மாதம் கழித்து, தம்பி மகளுக்கு அதே விண்ணப்பம் போட உட்கார்ந்தபோது வீட்டில் அந்தத் தாள் இல்லை.